விசிலடிக்கும் குக்கர், கரையும் ஐஸ்

ஒலுவில் கரையில் காலை ஆறரை மணி. இரவு போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. இறக்கிய சூரையை றெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறார் ஒரு வியாபாரி. சாக்கில் பொதிந்த ஐஸ் பாளத்தை மரக்கட்டையால் நாலு போடு போட்டு நொறுக்கி, மீனுக்கு மேலே வாரி இறைக்கிறார். பெட்டியின் அடியிலுள்ள ஓட்டையால் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்த பொடியனுக்குக் கவலை.

“காக்கா, ஐஸெல்லாம் கரையிதே!”

“கரையட்டும் மனே. கரஞ்சாத்தான் மீன் குளிரும்.”

பாடசாலையில் ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கும் பாடம் இந்த ஒற்றைப் பதிலுக்குள் அடங்கிவிடுகிறது. ஐஸ் கரைவதை நட்டம் என்று நினைக்கிறவர் அதைக் கரையவிடாமல் காப்பதிலேயே குறியாக இருப்பார். பெரிய பாளமாகவே வைப்பார், பொலித்தீனில் சுற்றுவார், மீனிலிருந்து தள்ளி ஓர் ஓரத்தில் ஒதுக்குவார். மாலையில் பெட்டியைத் திறந்தால் ஐஸ் மிஞ்சியிருக்கும், மீன் கெட்டிருக்கும்.

தண்ணீர் எப்போது கட்டியாகும், எப்போது ஆவியாகும் என்பதை வெப்பநிலையும் அமுக்கமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வெப்பநிலை எல்லோருக்கும் தெரிந்தது. தொட்டால் சுடும், குளிரும். அமுக்கம் அப்படிக் கையில் தட்டுப்படுவதில்லை. கடல் மட்டத்தில் இருக்கும் ஊரில் அது வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஒலுவிலில் அமுக்கத்தை மாற்ற வேண்டுமானால் ஒரு மூடி வேண்டும். அது குக்கர் மூடியாக இருக்கலாம், ஐஸ் ஆலையின் இறுக்கிய குழாயாகவும் இருக்கலாம். மூடி இல்லாத இடத்தில் வெப்பநிலை ஒன்றுதான் கையிலிருக்கும் கடிவாளம். இந்த அத்தியாயம் மூடியில்லாத வேலைகளையும், மூடி போட்ட வேலைகளையும் மாறி மாறி எடுத்துக்கொள்கிறது.

பெட்டிக்குள் நடப்பது

ஐஸ் குளிரைக் கொடுக்கிறது என்பது பேச்சு வழக்கு. உண்மையில் அது மீனிடமிருந்து சூட்டை வாங்குகிறது. 1 கிலோ ஐஸ் 0 பாகையில் கரைந்து 0 பாகைத் தண்ணீராவதற்கு 334 கிலோ யூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தை 1 கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் அது 0 பாகையிலிருந்து 80 பாகை வரை சூடேறிவிடும். இவ்வளவையும் விழுங்கிய பிறகும் ஐஸின் வெப்பநிலை ஒரு பாகைகூட ஏறியிராது. பாடப் புத்தகங்கள் இதை மறைவெப்பம் என்கின்றன. நல்ல பெயர்தான், வெப்பமானியில் தெரியாமல் மறைந்துதான் போகிறது.

“பிரீசர் ஐஸ் இன்னும் நல்லம், கல்லு மாதிரி இறுகியிருக்கும்” என்று சிலர் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் அதில் பெரிய இலாபம் இல்லை. மறை 18 பாகையில் இருக்கும் 1 கிலோ ஐஸ் 0 பாகைக்கு வரும்வரை வாங்கும் வெப்பம் 38 கிலோ யூல் மட்டும். பிறகு கரையும்போது வாங்குவது 334. வேலையில் பத்தில் ஒன்பது பங்கு கரைதலில்தான் நடக்கிறது.

எவ்வளவு ஐஸ் வேண்டும்? மனதில் வைக்க எளிதான ஒரு கணக்கு உண்டு. 100 கிலோ மீனை 0 பாகைக்கு இறக்க, மீன் எத்தனை பாகையில் இருக்கிறதோ ஏறத்தாழ அத்தனை கிலோ ஐஸ் கரைய வேண்டும். ஒலுவில் கடலில் பிடிபடும் மீன் 28, 30 பாகையில் வரும். ஆக 30 கிலோ. ஆனால் இது மீனைக் குளிர்விக்க மட்டும். பெட்டியின் சுவர் வழியாகவும் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே நுழையும் சூட்டுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதனால்தான் வெப்ப நாடுகளில் மீனும் ஐஸும் சரிக்குச் சரி என்ற அளவு பொதுவாகச் சொல்லப்படுகிறது. லொறியில் கொழும்புக்குப் போகும் மீனுக்கு அதற்குக் குறைத்தால் வழியில் எங்கேயோ மீன்தான் விலை கொடுக்கும்.

ஐஸைச் சிறிதாக நொறுக்குவது முதல் வேலை. பாளம் மீனை ஓரிரு இடத்தில்தான் தொடும், தூள் ஐஸ் சுற்றி வளைத்துத் தொடும். அடியில் ஐஸ், மேலே மீன், அதற்கு மேல் ஐஸ் என்று அடுக்க வேண்டும். பெரிய மீனின் குடலை எடுத்துவிட்டு வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணிக்க வேண்டும், ஏனென்றால் தடித்த சூரையின் நடு முள்ளுக்குக் குளிர் போய்ச் சேர மணிக்கணக்காகும். கரைந்த தண்ணீர் மீனைக் கழுவிக்கொண்டு வழிந்தோட அடியில் ஓட்டை இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வழுவழுப்பையும் இரத்தத்தையும் அடித்துக்கொண்டு போகும். தேங்கினால் அதிலேயே கிருமி பெருகும்.

அவசரமாகக் குளிர்விக்க இன்னொரு வழி, சுத்தமான கடல்நீரில் ஐஸ் தூளைக் கலந்து மீனை முழுக்க அமிழ்த்துவது. உப்பு கலந்த நீர் 0 பாகையில் உறையாது. கடல்நீர் உறைவது மறை 1.9 பாகையில். ஆகவே இந்தக் கலவை 0 பாகைக்கும் சற்றுக் கீழே இறங்கும், மீனின் எல்லாப் பக்கத்தையும் தொடும். ஐஸ்கிரீம் கிண்டுகிறவர்கள் வாளியில் ஐஸோடு உப்பை அள்ளிப் போடுவதும் இதே வித்தைதான். உப்பு போதிய அளவு சேர்ந்தால் மறை 21 பாகை வரை இறக்கலாம். மீனுக்கு அவ்வளவு தூரம் போகக்கூடாது. தோல் உறைந்து, சதைக்குள் உப்பு ஏறி, வாங்குகிறவர் முகம் சுளிப்பார்.

சூரை, கும்பளா போன்ற மீன்களுக்கு ஐஸ் பிந்துவதில் சுவையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இவை சூட்டில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு தடிக்கும், வாய் மிளகைக் கடித்த மாதிரி எரியும். எவ்வளவு கொதிக்கவைத்து ஆணம் காய்ச்சினாலும் ஹிஸ்டமின் அழியாது. உறைய வைத்தாலும் போகாது. அது உண்டாகாமல் தடுக்கலாம், உண்டான பிறகு அகற்ற வழியில்லை. மீன் வள்ளத்தில் ஏறிய நேரத்திலிருந்து ஐஸோடு இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. அதன் வாயிலை மணல் அடைத்த கதையும், வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்ற கதையும் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வழக்கை இந்தப் புத்தகம் தீர்க்கப் போவதில்லை. வாயில் அடைபட்ட காலங்களில் வள்ளம் கடலில் காத்துக் கிடக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் பெட்டிக்குள்ளிருக்கும் ஐஸின் கணக்கில்தான் பற்று வைக்கப்படும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கலாம்.

கப்பலேறி வந்த ஐஸ்

ஐஸ் ஆலை வருவதற்கு முன் இந்தப் பக்கத்து வெப்ப ஊர்களுக்கு ஐஸ் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. பொஸ்டன் வியாபாரி பிரெடெரிக் டியூடர் குளிர்காலத்தில் உறைந்த குளங்களை அறுத்து, பாளங்களை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833 இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட அவருடைய முதற் கப்பலில் 180 தொன் ஐஸ் இருந்தது. நான்கு மாதம் கடலில் கிடந்து, பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து வந்து சேர்ந்தபோதும் சுமார் 100 தொன் மிஞ்சியது. சென்னைக் கடற்கரையில் 1842 இல் அந்த ஐஸைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடம் இன்றைக்கும் விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறது.

மந்திரம் ஒன்றுமில்லை. கரைவதற்கு ஐஸ் கேட்கும் வெப்பம் அவ்வளவு பெரியது. மரத்தூள் அந்த வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விட்டது. குவியல் பெரிதானதால் வெளிப்புறம் கரைந்தாலும் நடுப்பகுதி தப்பியது. வீட்டுக் கலியாணத்துக்கு ஐஸ் வாங்கி வைப்பவரும் இதையே செய்யலாம். பாளங்களை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கி, உமியோ மரத்தூளோ கொட்டி, சாக்கால் மூடி, நிலத்தில் படாமல் பலகையில் வைத்தால் போதும். நொறுக்குவது பாவிக்கும் நேரத்தில்.

அப்படி அடுக்கிய பாளங்கள் சில மணியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலுள்ள பாரம் அமுக்குவதால் உருகி ஒட்டுகிறது என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அமுக்கம் கூடினால் ஐஸின் உருகுநிலை இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடினால் இறங்குவது ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பத்து மீற்றர் உயரத்துக்கு ஐஸை அடுக்கினாலும் கணக்கில் வராது. ஐஸின் மேற்பரப்பில் எப்போதும் ஒரு மெல்லிய ஈரப்படை இருக்கிறது. இரண்டு பாளம் சேரும்போது அந்தப் படை நடுவில் அகப்பட்டு உறைந்துவிடுகிறது. மைக்கல் பரடே 1850 இலேயே இதைக் கவனித்துச் சொல்லிவிட்டார்.

ஐஸ் ஆலைக்குள் ஒரு மூடி

ஐஸ் ஆலையில் தகரக் குவளைகளில் நல்ல தண்ணீரை நிரப்பி, உறையாத உப்புநீர்த் தொட்டியில் இறக்கி வைப்பார்கள். தொட்டி மறை 10 பாகை அளவில் இருக்கும். அந்த உப்புநீரைக் குளிர்விப்பது பெரும்பாலும் அமோனியா. சாதாரண அமுக்கத்தில் அமோனியா மறை 33 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் கொம்பிரஸர் பதின்மூன்று, பதினான்கு வளிமண்டல அளவுக்கு இறுக்கினால், அதே அமோனியா 35 பாகைச் சூட்டில்கூட மறுபடி திரவமாகிறது. அமுக்கத்தை விட்டால் கொதிக்கிறது, தொட்டியிலிருந்து வெப்பத்தை வாங்குகிறது. இறுக்கினால் திரவமாகிறது, வாங்கிய வெப்பத்தை வெளியே கொட்டுகிறது. வீட்டு பிரிஜ்ஜின் பின்பக்கம் சுடுவதும் இதனால்தான். அதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் மின் பட்டியல் ஏறும்.

தண்ணீருக்கும் இதே நியதிதான், பாகைக் கணக்கு மட்டும் வேறு. எந்தத் திரவமும் தன் ஆவி தள்ளும் அமுக்கம் வெளியமுக்கத்தை எட்டும்போது கொதிக்கும். வெளியமுக்கம் குறைந்தால் சீக்கிரம் கொதிக்கும், கூடினால் பிந்திக் கொதிக்கும். கடல் மட்டத்தில் தண்ணீருக்கு 100 பாகை. ஒலுவில், நிந்தவூர், அட்டாளைச்சேனை எல்லாம் இந்த 100 பாகைக் குடிமக்கள்.

நுவரெலியாவில் வேகாத பருப்பு

ஏப்ரல் விடுமுறைக்கு வான் பிடித்து நுவரெலியா போகும் கல்முனைப் பக்கத்துக் குடும்பங்கள் வாடகை வீட்டில் சமைக்கும்போது ஒரு விடயத்தைக் கவனித்திருப்பார்கள். பருப்பு வேக மாட்டேன் என்கிறது, மாட்டிறைச்சி இறப்பராகவே கிடக்கிறது. பழி பெரும்பாலும் கடைக்காரர் மேல் விழும்.

குற்றவாளி உயரம். 1,868 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையில் கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு மூட்டினாலும் 94 ஐத் தாண்டாது; தண்ணீர்தான் வேகமாக வற்றும். பத்துப் பாகை குறைந்தால் சமையல் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற பொதுக் கணக்கின்படி, கரையில் 30 நிமிடத்தில் வேகும் பருப்பு அங்கே முக்கால் மணி கேட்கும். எவரெஸ்ட் உச்சியில் தண்ணீர் 70 பாகைச் சொச்சத்திலேயே கொதிக்கும். அங்கே தேத்தண்ணீருக்குச் சாயம் இறங்காது.

கரையில் வாழ்பவருக்கு அமுக்கம் மாறுவதே இல்லையா? மாறும், ஆனால் சமையலில் தெரியாது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளைப் புரட்டிப் போட்ட சூறாவளியை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்படியொரு சூறாவளியின் நடுவில் அமுக்கம் 950 மில்லிபாருக்கு இறங்கினால்கூடத் தண்ணீரின் கொதிநிலை 98 பாகைக்குச் சற்று மேலேதான் நிற்கும். கூரை பறக்கும், கொதிநிலை இரண்டு பாகைகூட இறங்காது.

குக்கரின் கணக்கு

பிரெஞ்சுக்காரர் டெனிஸ் பப்பின் 1679 இல் இறுக்கமான மூடி போட்ட ஒரு பாத்திரத்தைச் செய்தார். வெடித்துவிடாமலிருக்க அதில் ஒரு பாதுகாப்பு வால்வையும் வைத்தார். இன்றைய பிரஷர் குக்கர் அதன் பேரப்பிள்ளை. உள்ளே ஆவி சேரச் சேர அமுக்கம் ஏறி, வெளியிலுள்ளதைப்போல் இரண்டு மடங்காகிறது. கொதிநிலை 120 பாகைக்குப் போகிறது. இருபது பாகை கூடியதால் சமையல் நேரம் காற்பங்குக்கு வருகிறது. வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கருவிகளை 121 பாகையில் 15 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கும் இயந்திரமும் ஒரு பெரிய குக்கர்தான்.

விசில் அதிகம் கேட்டால் சமையல் வேகமாக நடக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. விசிலடித்து வெளியேறும் ஆவி, காசு கொடுத்து வாங்கிய கேஸ். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்தாலும் உள்ளே 120 பாகை குறையாது. மூடியில்லாத சட்டிக்கும் இதுவே சட்டம்: கொதி வந்த பிறகு தீயைக் கூட்டுவது வெப்பநிலையைக் கூட்டாது. 30 பாகைத் தண்ணீர் கொதி வர 10 நிமிடம் எடுத்த கேத்தல், அதே தீயில் முழுக்க வற்றி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். தண்ணீரைக் கொதிக்க வைப்பது மலிவு, ஆவியாக்குவதுதான் செலவு.

குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்புக்கு அரைவாசி போதும். வைக்கும் முன் ஆவித் துவாரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து அடைப்பு இல்லை என்று பார்க்க வேண்டும். மூடி இலேசாகத் திறக்க மறுத்தால் உள்ளே அமுக்கம் இருக்கிறது என்று பொருள். கரண்டிக் காம்பால் நெம்புவது கையையும் முகத்தையும் பணயம் வைப்பதாகும்.

ஏன் அவ்வளவு ஆபத்து என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். குக்கருக்குள் 120 பாகையில் இருக்கும் தண்ணீர், மூடி இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். மூடி பறந்த நொடியில் உள்ளமுக்கம் ஒரு வளிமண்டல அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த அமுக்கத்தில் 100 பாகைக்கு மேல் திரவமாக இருக்கத் தண்ணீருக்கு அனுமதியில்லை. மேலதிகமான இருபது பாகை வெப்பமும் ஒரே மூச்சில் ஒரு பகுதித் தண்ணீரை ஆவியாக்கிவிடும். 1 லீற்றர் தண்ணீர் ஆவியானால் 1,600 லீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். சட்டியிலிருந்த குழம்பு கூரையில் ஒட்டுவதற்குக் காரணம் இந்தப் பெருக்கம். லொறி, ட்ரக்டர் ரேடியேட்டரிலும் இதே நிலைமைதான். இயந்திரம் சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திருகுகிறவர் குக்கர் மூடியைத்தான் நெம்புகிறார்.

நெல் அவிக்கும் ஆவி

1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு அம்பாறைக் கரையின் வயல்களுக்குப் பெருமளவில் நீர் வந்தது. நெல்லோடு மில்களும் பெருகின. ஊறவைத்த நெல்லுக்குள் ஆவியைச் செலுத்தி அவிக்கும்போது, உள்ளே நடப்பது ஐஸ் பெட்டிக்குள் நடப்பதன் மறுபக்கம். 1 கிலோ ஆவி 100 பாகையில் மறுபடி தண்ணீராகும்போது 2,257 கிலோ யூல் வெப்பத்தை விட்டுக்கொடுக்கிறது. ஐஸ் கரைவதற்குக் கேட்பதில் ஆறே முக்கால் மடங்கு. ஒவ்வொரு நெல்மணியின் மேலும் ஆவி படிந்து தண்ணீராகி, அந்த இடத்திலேயே தன் வெப்பத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. பிட்டுக் குழலில் மாவு சில நிமிடத்தில் வேகுவதும் இதனால்தான்.

ஆவி பட்ட கை கொதிநீர் பட்ட கையைவிட மோசமாக வேகுவதற்கும் இதுவே காரணம். சுட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, கோப்பித் தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஐஸும் வைக்கக் கூடாது. சூட்டால் நொந்த தோலை ஐஸ் இன்னும் நோகடிக்கும். கொப்புளம் பெரிதாகவோ, முகத்திலோ இருந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கச்சானும் மண்பானையும்

கொதிக்காமலும் தண்ணீர் ஆவியாகும். கொடியில் காயும் சாரத்துக்கு யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. ஆவியாகும் ஒவ்வொரு துளியும் தான் இருந்த இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மண்பானையின் சுவரில் கசியும் நீர் ஒரு கிளாஸ் அளவு ஆவியானால், அது எடுக்கும் வெப்பம் 10 லீற்றர் தண்ணீரைப் பத்துப் பாகை குளிர்த்தப் போதும். பாதி வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றே கொடுத்துவிடுவதால் நடைமுறையில் அவ்வளவு இறங்குவதில்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பானைத் தண்ணீர் தொண்டையைக் குளிர வைக்கும். மாரியில் அதே பானை சும்மா கிடக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் புதிதாக ஆவியாக இடமில்லை. கச்சான் அவ்வளவு வறண்டு, சூடாக வருவதற்கும் தண்ணீரின் நிலைமாற்றமே காரணம். தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைநாட்டில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை அந்தப் பக்கமே மழையாகக் கொட்டிவிடுகிறது. ஆவி மழையாகும்போது விட்ட வெப்பம் காற்றிலேயே தங்குகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அமுக்கம் கூடக்கூடக் காற்று மேலும் சூடேறுகிறது. இரத்தினபுரியில் பெய்த மழையின் வெப்பத்தில் ஒரு பங்கு அட்டாளைச்சேனையில் கருவாடு காயவைக்கிறது என்றால் மிகையில்லை.

கிணற்று நீரைக் காய்ச்சும்போது

குடிநீரில் கிருமி சந்தேகம் இருந்தால், பெரிய குமிழிகள் எழும்பிப் புரளும்வரை கொதிக்கவிட்டு ஒரு நிமிடம் வைத்தால் போதும். 2,000 மீற்றருக்கு மேலுள்ள இடங்களில் மூன்று நிமிடம். பத்து, பதினைந்து நிமிடம் கொதிக்க வைப்பது விறகுக்குச் செலவே தவிர வேறில்லை.

ஆனால் கொதிக்க வைப்பதால் உப்புப் போகாது. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உயிர் தப்பியவர்களுக்குக் கரையோரக் கிணறுகளில் மிஞ்சியது உவர் நீர். அப்படிப்பட்ட நீரைக் காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு சட்டியிலேயே நிற்கும். மிஞ்சியது முன்னைவிட உவர்க்கும். நல்ல தண்ணீர் வேண்டுமானால் போகும் ஆவியைப் பிடித்துக் குளிர்வித்துத் துளியாக்க வேண்டும். சாய்ந்த கண்ணாடி போட்ட ஒரு தொட்டியை வெயிலில் வைத்து இதைச் செய்யலாம். ஒரு சதுர மீற்றர் கண்ணாடிக்கு நல்ல வெயில் நாளில் சில லீற்றர் கிடைக்கும். ஒரு குடும்பம் குடிக்கக் காணும், குளிக்கக் காணாது.

பிரீசரும் மின்வெட்டும்

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று மாலை எல்லா வீட்டு பிரீசரிலும் ஒரே நேரத்தில் இறைச்சி ஏறும். 10 கிலோ இறைச்சியை 30 பாகையிலிருந்து 0 பாகைக்கு இறக்க எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டுமோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை அதிலுள்ள தண்ணீரை உறைய வைக்கும்போது வெளியேற்ற வேண்டும். பெரிய பொதியாகத் திணித்தால் நடுப்பகுதி மறுநாள் வரை இளஞ்சூட்டில் கிடந்து கெடும். ஒரு நேரச் சமையலுக்கான அளவில், தட்டையாக, இடையில் காற்றுப் போக இடம் விட்டு வைக்க வேண்டும். நிரம்பிய கண்ணாடிப் போத்தலை உள்ளே வைக்கக்கூடாது. உறையும்போது தண்ணீர் ஒன்பது வீதம் விரியும், போத்தல் வெடிக்கும்.

நாட்பட்ட மீனில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த தழும்புகள் தெரிந்தால், அது ஐஸ் உருகாமலே ஆவியாகிப் போன இடம். தண்ணீர் திரவமாக இருக்கக் குறைந்தபட்சம் ஓர் அமுக்கம் வேண்டும். வளிமண்டல அமுக்கத்தில் 165 இல் ஒரு பங்கு. அதற்குக் கீழே ஐஸ் நேராக ஆவிக்குத் தாவும். உடனடிக் கோப்பித் தூளில் ஒரு வகையை இப்படித்தான், உறைய வைத்து அமுக்கத்தை உறிஞ்சி எடுத்து உலர்த்துகிறார்கள். வீட்டு பிரீசரில் யாரும் அமுக்கத்தை உறிஞ்சுவதில்லை, ஆனாலும் அதிலுள்ள காற்றில் நீராவியின் பங்கு மிகச் சொற்பம் என்பதால் ஐஸ் மெல்ல மெல்ல ஆவியாகிறது. உறைந்த மீனை ஒரு தடவை குளிர்ந்த தண்ணீரில் முக்கியெடுத்து மறுபடி உறைய வைத்தால், மேலே படியும் ஐஸ் கவசம் மீனுக்குப் பதிலாகத் தான் ஆவியாகிப் போகும்.

2022 மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த நாட்களில் பிரீசரை அடிக்கடி திறந்து “இன்னும் குளிர் இருக்கா?” என்று பார்த்தவர்களே அதிகம் இழந்தார்கள். திறக்காமல் விட்டால், நிரம்பிய பிரீசர் சுமார் 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிரம்பியது 24. கீழே உள்ள பிரிஜ் பகுதி 4 மணித்தியாலம்தான். ஆகவே பிரீசரில் வெற்றிடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை, பிளாஸ்டிக் போத்தல்களை, கழுத்துக்குக் கீழே வரை நிரப்பி உறைய வைத்து அடுக்கி வைக்கலாம். மின்சாரம் போனால் கரைந்து கரைந்து இறைச்சியைக் காக்கும், கரைந்த பிறகு குடிக்கவும் உதவும்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் பல நாள் வெளியூர் போகிறவர்கள் ஒரு சிறு கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் ஒன்றும் கரையவில்லை. நாணயம் கோப்பையின் அடியில் உறைந்து கிடந்தால், எல்லாம் ஒரு தடவை கரைந்து மறுபடி உறைந்திருக்கிறது. பார்வைக்குக் கல்லாக இருந்தாலும் அந்த மீனையும் இறைச்சியையும் வெளியே போட்டுவிடவும்.